நெட்வொர்க் டிரைவரில் ஃபிளாக் பிட்டுகள்: எந்த வழி எங்கே பொருந்தும்?

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் இணைய இணைப்பு ஒரு நிலையில் நிற்காது. மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். மரக்கிளை முறிந்து, கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஃபைபரையும் இழுத்துக்கொண்டு விழும். தெருமுனைப் பெட்டிக்குள் சுவிட்சின் லிங்க் விளக்கு அணைந்து அணைந்து எரியும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். ரவுட்டருக்குள் நெட்வொர்க் சிப்பை இயக்கும் லினக்ஸ் டிரைவரின் தரம் அப்போதுதான் வெளியே தெரியும். ஆய்வக மேசையில் லிங்க் ஒருமுறை வந்தால் நாள் முழுக்க அப்படியே நிற்கும். இங்கே லிங்க் விழும் அதே கணத்தில் வாட்ச்டாக் ரீசெட் கேட்கிறது. (சிப் முடங்கிவிட்டதா என்று கண்காணிப்பதுதான் வாட்ச்டாக்.) அதே கணத்தில் யாரோ இன்டர்ஃபேஸை மூடித் திறக்கிறார்கள். மூன்று வேலையும் வந்து மோதும் இடம் ஒன்றே: டிரைவர் தன் தகவல்களைத் தொகுத்து வைக்கும் ஸ்ட்ரக்டில் ‘ஃபிளாக்ஸ்’ என்று பெயரிட்ட ஒரு 32 பிட் வேரியபிள். அதன் ஒவ்வொரு பிட்டும் ஆம், இல்லை சொல்லும் ஒரு கொடி.

கும்பகோணத்தில் என்னிடம் டிரைவர் வேலை பழகும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, ஒரு பிட்டை ஆன் பண்ண ஒரு வரி போதுமே, அதுக்கு ஏன் ஏழெட்டு வழி வச்சிருக்காங்க?”

“அந்த ஒரு வரி மூணு வேலை செய்யுது தம்பி. நடுவுல யாரு வேணா புகுந்துடலாம்.”

‘ஃபிளாக்ஸ் |= புதிய_பிட்’ என்ற வரியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வேரியபிளில் இப்போது 0001 இருக்கிறது. பயனர் ஏதோ அமைப்பை மாற்றுகிறார். டிரைவர் 0001-ஐ சிபியுவின் ரெஜிஸ்டருக்குள் படித்து, இரண்டாம் பிட்டைச் சேர்த்து, கையில் 0011 வைத்திருக்கிறது. இன்னும் திரும்ப எழுதவில்லை. அந்த இடைவெளியில் லிங்க் விழுந்ததைச் சொல்லும் இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்தி சிப் கொடுக்கும் அவசர அழைப்பு) வருகிறது. அது நினைவகத்தில் உள்ள 0001-ஐப் படித்து, நான்காம் பிட்டைச் சேர்த்து 1001 என்று எழுதிவிட்டுப் போகிறது. பழைய வேலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 0011 எழுதுகிறது. லிங்க் விழுந்த செய்தி போயே போய்விட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, லாகில் ஒரு வரியும் இருக்காது. டிரைவர் லிங்க் இருப்பதாகவே நம்பிப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. நான்கின் ஷட்டர் நிலையையும் ஒரே பலகையில் எழுதி வைத்து, ஒன்று மாறினாலும் பலகை முழுவதையும் அழித்துத் திரும்ப எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மதகு இயக்கும் ஊழியர்களான லஸ்கர்கள் இரண்டு பேர் ஒரே பழைய பலகையைப் பார்த்துவிட்டுப் போய் எழுத வந்தால், பிந்தி எழுதியவரின் கணக்குதான் நிற்கும். முந்தியவர் திறந்த மதகு பலகையில் மூடியே இருக்கும்.

இது மல்டிகோருக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆர்ம், மிப்ஸ் சிப்களில் படிப்பது, மாற்றுவது, எழுதுவது மூன்றும் தனித்தனிக் கட்டளைகள். ஒரே கோர் உள்ள மலிவு ரவுட்டரிலும் இன்டரப்ட் நடுவில் புகும். இன்டெல் சிப்பில் கம்பைலர் ஒற்றைக் கட்டளையாகவே எழுதினாலும், மற்ற கோர்களைத் தடுக்கும் லாக் முன்னொட்டு இல்லாதவரை இன்னொரு கோர் குறுக்கே வரலாம்.

சாதாரண |= எங்கே சரி?

எழுதுபவர் ஒருவரே என்றால், அல்லது எழுதுபவர் எல்லாரும் ஒரே லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள் என்றால், தாராளமாக எழுதலாம். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் லினக்ஸ் வைத்திருக்கும் நெட்_டிவைஸ் ஸ்ட்ரக்டே நல்ல பாடம். அதில் ஐஎஃப்எஃப்_அப் (இன்டர்ஃபேஸ் திறந்திருக்கிறது) போன்ற பிட்டுகள் இருக்கும் ‘ஃபிளாக்ஸ்’ ஆர்டிஎன்எல் என்ற பெரிய லாக்கின் கீழ் சாதாரணமாக மாறுகிறது. பக்கத்திலேயே ‘ஸ்டேட்’ என்று தனியாக ஒரு வேரியபிள். கேரியர் (கம்பியில் சிக்னல்) இருக்கிறதா இல்லையா என்ற பிட் அதில் உள்ளது, அதை நடுவில் யாரும் புக முடியாத அட்டாமிக் செயல்களால்தான் தொடுகிறார்கள். ஒரே ஸ்ட்ரக்டில் இரண்டு வழி, இரண்டு வேரியபிள். கலக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

லினக்ஸ் போன்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டி இதே பாடத்தை வேறு வழியில் கற்றது. அங்கே முன்பு டிரைவருக்கு மேலே பாக்கெட்டுகளைக் கையாளும் நெட்வொர்க் ஸ்டாக்கும் டிரைவரும் ஒரே ‘இஃப்_ஃபிளாக்ஸ்’ வேரியபிளில் எழுதின. இருவருக்கும் பொதுவான லாக் இல்லை. 2005-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 6-இல், டிரைவருக்குச் சொந்தமான இரண்டு பிட்டுகளை, ‘ஓடுகிறது’, ‘அனுப்பும் வரிசை நிரம்பிவிட்டது’ என்ற இரண்டையும், ‘இஃப்_டிரைவ்_ஃபிளாக்ஸ்’ என்ற தனி வேரியபிளுக்கு மாற்றினார்கள். இனி அதை டிரைவர் தன் சொந்த லாக்கின் கீழ் எழுதும். ஸ்டாக் தன்னுடையதை எழுதும். அட்டாமிக் வித்தை எதுவும் வேண்டியிருக்கவில்லை, பலகையை இரண்டாகப் பிரித்ததே போதுமானதாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. எந்த டிரைவரைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இந்த பிட்டை யார் எழுதுகிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் வழியைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை.

பிட்ஃபீல்டா, பூலா?

பிட்ஃபீல்ட், அதாவது ஸ்ட்ரக்டில் ஓரிரு பிட்டுக்கு மட்டும் தனிப் பெயர் வைப்பது, படிக்க அழகாக இருக்கும். ‘லிங்க்_அப் = 1’ என்று எழுதினால் தனி வேரியபிள் போலவே தோன்றும்; ஆபத்தே அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது. அடியில் கம்பைலர் செய்வது அதே படி, மாற்று, எழுது. சி மொழியின் சி11 தரநிலையின்படி அடுத்தடுத்து வரும் பிட்ஃபீல்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நினைவக இடம். ஆகவே ஒரே குழுவில் உள்ள இரண்டு பிட்ஃபீல்டுகளுக்கு இரண்டு தனி லாக் வைத்தால் பயனில்லை. ஒரே லாக்தான் வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் ஆவணமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2012-இல் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இதைவிட மோசமான ஒன்று வெளிவந்தது. இடானியம் சிப்பில் ஜிசிசி கம்பைலர், 32 பிட்டுக்குள் இருந்த ஒரு பிட்ஃபீல்டை மாற்ற 64 பிட்டைப் படித்து எழுதியது. பக்கத்தில் இருந்த ஸ்பின்லாக்கின் (தூங்காமல் சுழன்றபடி காத்திருக்க வைக்கும் லாக்) மதிப்பும் பழையதாகத் திரும்ப எழுதப்பட்டது. பிட்ஃபீல்டைத் தொட்டவருக்கு அந்த லாக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

டிரைவர் சிப்பைக் கண்டறியும் புரோப் நேரத்தில் ஒருமுறை எழுதி, பிறகு படிக்க மட்டுமே செய்யும் விஷயங்களுக்கு (இந்த சிப்பில் இந்த வசதி உண்டா, இல்லையா) பிட்ஃபீல்ட் பொருத்தம். ஓடும்போது மாறும் நிலைக்கு வேண்டாம்.

அதற்குப் பதிலாக, பலரும் ஒதுக்கிவிடும் பூலை (உண்மை, பொய் இரண்டை மட்டும் வைக்கும் வேரியபிள் வகை) நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பூலும் தனி பைட், தனி நினைவக இடம். பக்கத்து பைட்டை எழுதுபவர் இதைக் கெடுக்க முடியாது. பைட்டைத் தனியாக எழுதத் தெரியாத பழைய ஆல்ஃபா சிப்கள் மட்டும் விதிவிலக்காக இருந்தன. அவற்றுக்கான ஆதரவை லினக்ஸ் 2024-இல் வந்த 6.10-இல் நீக்கிவிட்டது. ஒரு பெட்டியில் நான்கைந்து நெட்வொர்க் கார்டு இருந்தால் அதிகம். பிட்டுக்குப் பதில் பைட் வைப்பதால் வீணாகும் இடம் கணக்கிலேயே வராது. லாக் இல்லாமல் படித்து எழுதும் பூலுக்கு ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் போட்டால் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

செட்_பிட் குடும்பம்

பல பக்கமிருந்து எழுதப்படும் நிலைக் கொடிகளுக்கு லினக்ஸில் வழக்கமான விடை இதுதான். இன்டெலின் இ1000இ, ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர்களில் ‘மூடியிருக்கிறது’, ‘ரீசெட் நடக்கிறது’ போன்ற நிலைகள் எல்லாம் ‘ஸ்டேட்’ என்ற ஒரு வேரியபிளில் செட்_பிட், கிளியர்_பிட், டெஸ்ட்_பிட் மூலமாகவே மாறுகின்றன. சரியாகப் பயன்படுத்தினால் நல்லது. தவறாகப் பயன்படுத்தவும் நிறைய வழி இருக்கிறது.

செட்_பிட் கேட்பது பிட்டின் எண்ணை. மாஸ்க்கை (அந்த பிட் மட்டும் 1 ஆக இருக்கும் மதிப்பை) இல்லை. மூன்றாம் எண்ணுக்குப் பதில் பிட்(3) என்ற மேக்ரோவைக் கொடுத்தால் அதன் மதிப்பு 8. எட்டாம் எண் பிட் ஆன் ஆகும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. எண்களை எனம் (enum) ஒன்றில் வைத்து, மாஸ்க் பெயர்களை வேறு முன்னொட்டோடு வைத்துக்கொண்டால் படிக்கும்போதே கண்ணில் படும். இரண்டாவது, அது வேலை செய்வது அன்சைன்ட் லாங்கில். 32 பிட் மட்டுமே உள்ள யூ32 வேரியபிளைக் காஸ்ட் செய்து (வகையை மாற்றிக் காட்டி) கொடுத்தால் 64 பிட் கர்னலில் பக்கத்து நான்கு பைட்டையும் சேர்த்துத் தொடும். உயர் பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் சிப்பில் ஆன் ஆகும் பிட்டே வேறு. இன்டெலின் புதிய ஐஸ் (ice) டிரைவர் செய்வதுபோல் டிக்ளேர்_பிட்மேப் போட்டு அறிவித்தால் காஸ்ட்டுக்கே தேவை வராது.

மூன்றாவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. ஒரே வேரியபிளை ஒரு கோப்பில் செட்_பிட் போட்டும், இன்னொரு கோப்பில் |= போட்டும் எழுதுவது. ஒரு பக்கம் அட்டாமிக்காக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. |= கையில் வைத்திருக்கும் பழைய மதிப்பு, நடுவில் அட்டாமிக்காக எழுதிய பிட்டையும் சேர்த்து அழித்துவிடும். இரட்டை அடிக்கோட்டோடு வரும் செட்_பிட் வகையும் அட்டாமிக் இல்லாததுதான். கலந்தால் அதே கதி.

‘டெஸ்ட்_பிட் பார், இல்லையென்றால் செட்_பிட் செய்’ என்று இரண்டு அடியாக எழுதினால் இருவர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவார்கள். டெஸ்ட்_அண்ட்_செட்_பிட் ஒரே அடியில் முடிக்கும். கேரியர் போனதும் வந்ததும் ஒருமுறை மட்டுமே அறிவிக்கப்படுவது இந்த வகைச் செயலால்தான்.

வரிசை முறை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெறும் செட்_பிட் அட்டாமிக், ஆனால் எழுதிய வரிசையைக் காக்கும் மெமரி பேரியர் இல்லை. தரவை எழுதிவிட்டு ‘தயார்’ பிட்டை ஆன் செய்தால், ஆர்ம் சிப்பில் இன்னொரு கோர் பிட்டை முதலில் பார்த்து, தரவைப் பழையதாகவே படிக்கலாம். இன்டெல் கணினியில் லாக் முன்னொட்டே முழு பேரியராக நிற்பதால் அங்கே இது தெரியாது. எழுதுபவர் மேசையில் இன்டெல், ஊரில் ஓடும் பெட்டியில் ஆர்ம் என்பதுதான் நம் நிலைமை. எஸ்எம்பி_எம்பி__பிஃபோர்_அட்டாமிக், அல்லது கிளியர்_பிட்_அன்லாக் போன்ற வரிசை உறுதி உள்ள வகைகள் இதற்காகவே உள்ளன.

இன்னொன்று. ‘ரீசெட் நடக்கிறது’ பிட்டை லாக்காக வைத்து, அது விடுபடும்வரை சிறிது தூங்கி மறுபடி பார்க்கும் சுழல் இன்டெல் டிரைவர்களில் உண்டு. புதிதாக எழுதுபவர்கள் அதை நகலெடுக்க வேண்டாம் என்பேன். காத்திருக்க வேண்டிய இடம் என்றால் மியூடெக்ஸ் (தூங்கிக் காத்திருக்க வைக்கும் லாக்) வையுங்கள். ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கும் டெட்லாக் வந்தால், லாக்குகளைக் கண்காணிக்கும் கர்னல் கருவியான லாக்டெப் காட்டிக்கொடுக்கும். பிட்டை லாக்காக்கினால் லாக்டெப்புக்குக் கண் தெரியாது.

ஸ்பின்லாக் வேண்டிய இடம்

லிங்க் வந்தது, வேகம் 1000, ஃபுல் டூப்ளெக்ஸ்: மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். எத்தனை செட்_பிட் போட்டாலும் இது கிடைக்காது. பிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தரவை அது காப்பதில்லை. இங்கே ஸ்பின்லாக்தான். ஹார்டுவேர் இன்டரப்டிலும் அதே லாக்கைப் பிடிப்பதாக இருந்தால், மற்ற இடங்களில் இன்டரப்டைத் தடுத்துவைக்கும் ஐஆர்க்யூசேவ் வகையைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் லாக்கை வைத்திருக்கும் கோரிலேயே இன்டரப்ட் வந்து அதே லாக்குக்குக் காத்து நிற்கும். கம்பியோடு நேரடியாகப் பேசும் பிஹெச்ஒய் சிப்பிடம் கேட்கும் வேலை தூங்கக்கூடியது; அதை லாக்குக்கு வெளியே முடித்துவிட்டு, விடையை மட்டும் லாக்குக்குள் எழுதுங்கள்.

பல பிட்டுகளைப் பார்த்து ஒரே முடிவு எடுக்க வேண்டும், பாதையும் மிக வேகமானது என்றால் கம்பேர் எக்ஸ்சேஞ்ச் சுழல் (மதிப்பு இடையில் மாறாதிருந்தால் மட்டும் எழுதி, மாறியிருந்தால் மறுபடி முயல்வது) இருக்கிறது. பாக்கெட்டுகளைத் தொகுதியாக எடுக்கும் கர்னல் பகுதியான நாப்பியில் 2017-இல் ‘தவறவிட்டது’ என்ற பிட்டைச் சேர்த்தபோது அப்படித்தான் செய்தார்கள். கர்னலின் மையத்துக்கு அது தகும். சாதாரண டிரைவருக்குத் தேவைப்படுவது அபூர்வம்.

சிப்பின் ரெஜிஸ்டர்கள் வேறு சங்கதி

நினைவகத்துக்கான பழக்கத்தை அப்படியே ரெஜிஸ்டருக்குக் கொண்டுபோகக் கூடாது. பல சிப்களில் இன்டரப்ட் நிலை ரெஜிஸ்டரில், எந்த பிட்டில் 1 எழுதுகிறோமோ அது அழியும். அதைப் படித்து, |= போட்டுத் திரும்ப எழுதினால், காத்திருக்கும் எல்லா இன்டரப்டும் ஒரே அடியில் அழிந்துவிடும். கையாண்ட பிட்டை மட்டும் எழுதுங்கள். ரெஜிஸ்டர் அமைப்புக்குப் பிட்ஃபீல்ட் ஸ்ட்ரக்ட் வேண்டாம். பிட்டுகளின் வரிசை சிப்புக்குச் சிப் மாறும். ஐபி ஹெட்டர் ஸ்ட்ரக்டிலேயே வெர்ஷனும் ஹெட்டர் நீளமும் எண்டியன் பார்த்து இருமுறை எழுதப்பட்டிருக்கின்றன. மாஸ்க் உண்டாக்கும் ஜென்மாஸ்க், மதிப்பை உரிய பிட்டுகளில் வைக்கும் ஃபீல்டு_பிரெப், திரும்ப எடுக்கும் ஃபீல்டு_கெட் மூன்றும் இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு? மதிப்பு மாறிலியாக இருந்து மாஸ்க்குக்குள் அடங்கவில்லை என்றால் ஃபீல்டு_பிரெப் கம்பைல் நேரத்திலேயே தடுத்துவிடும்.

64 பிட் வேரியபிளில் 32 பிட் அன்சைன்ட் மாஸ்க்கை ~ போட்டு &= செய்தால் மேல் 32 பிட்டும் சேர்ந்து சுழியாகிவிடும். பிட்_யுஎல்எல் கொண்டே மாஸ்க்கை எழுதுங்கள்.

எழுதிய பிறகு, இத்தகைய மோதல்களைப் பிடிக்கும் கர்னல் கருவியான கேசிசான் போட்டு ஓட்டுங்கள், 2020-இல் 5.8 கர்னலிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. ஸ்ட்ரிக்ட் முறையை ஆன் செய்தால் இன்டரப்ட் குறுக்கிடும் மோதல்களும் அகப்படும். எதிர்முனை சுவிட்சில் போர்ட்டை மூடித் திறந்துகொண்டே, இந்தப் பக்கம் அமைப்புகளை மாற்றும் ஸ்கிரிப்டையும் ஓட விடுங்கள். மழைக்கால இணைப்புக்கு ஓரளவு ஈடாகும். அறிக்கையில் ஒரு |= வரி வந்தால் டேட்டா_ரேஸ் மேக்ரோவைச் சுற்றி அதன் வாயை மூடிவிடாதீர்கள். அந்த வேரியபிளின் பெயரைத் தேடி, எழுதும் ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, எந்த லாக்கின் கீழ் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு, லாக் பொருந்தாத பிட்டுகளை மட்டும் தனி பிட்மேப்புக்கு நகர்த்துங்கள்.