கல்லடியில் ஆறு வருடம்: என் லினியரோடு பழகிய அனுபவம்

லினியர் என்பது வானொலி செட்டின் அனுப்பும் வலுவைப் பெருக்கும் பெட்டி. மூன்று 811ஏ வால்வு போட்ட ஒன்றை ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர் ஒருவரிடம் பழையதாக வாங்கி ஆறு வருடமாகிறது. மட்டக்களப்புக் கல்லடியில், கடற்காற்று நேரே வந்து மோதும் அறையில் வைத்திருக்கிறேன். வாங்க யோசிக்கிறவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதுகிறேன்.

முதலில் கடதாசி வேலை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. லினியர் எவ்வளவு தள்ளும் என்பது வேறு, உரிம நிபந்தனை எவ்வளவுக்கு அனுமதிக்கிறது என்பது வேறு. நமக்கு எல்லை இரண்டாவதுதான். தொடர்புக்குத் தேவையான வலுவை மட்டும் பயன்படுத்து என்றுதான் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளும் சொல்கின்றன.

பலன் எப்படி? 100 வாட்டை 400 ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபெல். எதிர்முனையில் எஸ் மீட்டர் (வந்து சேரும் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் முள்) ஒரு புள்ளி ஏறும், அவ்வளவுதான். இரைச்சலுக்குள் அமிழ்ந்து போகும் குரலை மேலே தூக்க அந்த ஒரு புள்ளி உதவும். நன்றாகக் கேட்கும் இடத்தில் அது வீண் செலவு. நான் பத்துக்கு ஒன்பது தடவை லினியரைப் போடுவதே இல்லை.

இனி முக்கியமான விசயம். உள்ளே வால்வுத் தலைகளில் நிற்பது கிட்டத்தட்ட 1,700 வோல்ட். வீட்டு ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். நிலைமாற்றிக்கு அந்தப்பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. மூன்றாவது வருடம் தூசி தட்டப் பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் மூடியைத் திறந்தேன். பழக்கத்தில், மிச்சச் சுமையை நிலத்துக்கு இறக்கும் எர்த் தடியை வைத்தேன். பட்டென்று நீலப் பொறி. கொள்ளளவியில் (மின்சுமையைச் சேர்த்து வைக்கும் பாகம்) நிற்கும் சுமையை வடிக்கும் பிளீடர் தடையி ஒன்று உள்ளே அறுந்திருந்தது, அதன் கொள்ளளவி மட்டும் சுமை இறங்காமல் அப்படியே நின்றிருக்கிறது. தடி என்பது பிவிசி குழாய், நுனியில் செம்புக் கொக்கி, சட்டகத்தோடு பிணைத்த தடித்த வயர். வேறொன்றுமில்லை. அன்று அது கையில் இல்லையென்றால் என் விரல்தான் அங்கே போயிருக்கும். இப்போது வேலை முடியும்வரை கொக்கியை மாட்டியே வைத்திருக்கிறேன். இன்னொரு ஆள் வீட்டில் இல்லாத நேரம் மூடியைத் திறப்பதும் இல்லை.

டியூன் பண்ணும்போது பத்து வினாடிக்கு மேல் கீயை அழுத்தி வைக்க வேண்டாம். வால்வுத் தகடு சிவக்கத் தொடங்கினால் உடனே விடுங்கள். அன்டெனாவுக்குப் பதிலாக வலுவை வெப்பமாக்கும் டம்மி லோடில் பழகிவிட்டு அன்டெனாவுக்குப் போவது நல்லது.

கடற்கரைக் காற்றுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். எர்த் கம்பியின் பிடியில் இரண்டே வருடத்தில் பச்சைக் களிம்பு ஏறி, கையால் ஆட்டினாலே கழன்று வந்தது. அன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் வயரின் இணைப்பும் அப்படித்தான், எஸ்டபிள்யூஆர் (வலு அன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) மெல்ல மெல்ல ஏறியது. வருடம் ஒருமுறை மாரிக்கு முன்னால் எல்லாவற்றையும் சுரண்டி, நாடா சுற்றுகிறேன். ஒக்டோபரில் இடி முழங்கத் தொடங்கினால் கோஆக்ஸைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் கேற்றடியில் வந்து நின்றார். “மனே, உங்கட குரல் எங்கட செட்டுக்குள்ள கேக்குது. ஆரோட கதைக்கிறீங்க?” என் பக்கம் லோ பாஸ் பில்டர் இருந்தும் பயனில்லை. அது நான் அனுப்பும் அலைவரிசையின் மடங்குகளில் கசிவதைத்தான் தடுக்கும், இங்கே ஸ்பீக்கர் வயரே அன்டெனாவாகிவிட்டது. பெரைட் (வானொலி அலை வயரில் ஓடுவதைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்தில் அந்த வயரை எட்டுச் சுற்றுச் சுற்றியதும் நின்றது. அயலவரோடு முகம் கொடுத்துப் பேசி முடிக்க வேண்டிய வேலை இது.

அவசர காலத்துக்கு என்று லினியர் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது. அப்படி ஒரு இரவில் கறண்ட் போய்விடும், லினியர் வெறும் பெட்டிதான். 100 வாட் செட் 12 வோல்ட் பற்றரியில் ஓடும். அந்தப் பற்றரி என் மேசைக்குக் கீழே எப்போதும் சார்ஜில் இருக்கிறது.