பனியன் கம்பெனிக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக் கணக்கு, பையர் அனுப்பும் அளவுப் பட்டியல் எல்லாமே இப்போது கூகுள் டிரைவில்தான். கம்பெனிகளுக்கான கட்டணச் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில், கோப்புகளை இணையத்தில் வைக்கும் இடம் அது. கட்டிங் மாஸ்டர் கடைசித் திருத்தத்தைப் போனிலேயே பார்த்துவிடுகிறார். பழைய அளவில் துணி வெட்டுப்படும் பயம் போயிற்று. இதற்கே காசு கொடுக்கலாம்.

ஆனால் குப்பையில் போட்ட கோப்பு 30 நாளில் அழிந்துவிடும். அதன்பின் மீட்க அட்மினுக்கு (கம்பெனியின் கூகுள் கணக்குகளை நிர்வகிப்பவருக்கு) 25 நாள், அவ்வளவே. மாதக் கணக்கைத் தனி ஹார்ட் டிஸ்கிலும் எடுத்து வைக்கிறேன்.

ஹேக்கரைவிட எனக்குப் பெரிய கவலை, 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற பகிர்வு முறை. விலைப்பட்டியல் அப்படி வாட்ஸ்அப்பில் சுற்றினால் போட்டிக் கம்பெனி கைக்கே போகும். வெளியாட்களுக்குப் பகிர்வதை அட்மின் பக்கத்தில் அடைத்துவிடுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். வேலையை விட்டுப் போனவரின் கூகுள் கணக்கை அன்றே முடக்குங்கள்.