குளக்கரை நடையா, நாற்காலிப் பயிற்சியா?

மூன்று மாதம் நோயில் கிடந்து எழுந்த அப்பாவுக்குத் தெம்பு வர என்ன செய்வது என்பதில் எங்கள் கும்பகோணத்து வீட்டில் இரண்டு கட்சி. அம்மா மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். நான் நாற்காலிக் கட்சி.

நடையில் குறை சொல்ல முடியாது. மூச்சு பழகும், பசியெடுக்கும், நாலு முகம் பார்க்கலாம். ஆனால் குளம் 6 ஏக்கருக்கு மேல். பாதிச் சுற்றில் கால் தளர்ந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூரம்தான்!

படுத்தே கிடந்தால் தொடைத் தசை சீக்கிரம் கரையும். மெல்ல நடக்கிறவர்கூடக் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாமல் தவிப்பது அதனால்தான். தசை வளரச் சுமை வேண்டும். சமதரை நடையில் அது குறைவு. கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதலில் கையூன்றி ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், அப்புறம் கையூன்றாமல். கூடவே முட்டை, பருப்பு, மீன். பத்தியம் என்று ரசஞ்சோற்றிலேயே நிறுத்தினால் தசை எதிலிருந்து வரும்?

எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு, பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவில் தொடங்கலாம். மறுநாள் அசந்து படுத்தால் முந்தின நாள் கூடிப்போச்சு என்று அர்த்தம். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

சரி, எங்கள் வீட்டில் முதல் மாதம் நாற்காலி, பிறகு குளம். இப்போது அப்பா வடகரை வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறார். சர்க்கரை போட்டா என்று நான் கேட்பதில்லை.