பால்மாவு வாங்கப் போன மருந்துக்கடை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன மருந்துக்கடைக்கு ஐந்து நட்சத்திரம்.

அப்பாவுக்குச் சத்துப் பால்மாவு வாங்கத்தான் போனேன். முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தும் கட்டி திரும்பிவிட்டது. குரல்வளையை முழுசாக எடுக்க நாள் குறித்திருந்தார்கள்.

மருந்தாளர் பெண் பில் போடவில்லை. “அக்கா, அப்பா எத்தனை கிலோ இளைச்சிருக்காரு? சுகர் எப்படி? குளிருதுன்னு சொல்றாரா?” என்று கேட்டாள். ஆறு கிலோ. பேராக் வெயிலிலும் சுவெட்டர் போட்டிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை.

கதிர்வீச்சு பட்ட சதை ஆறச் சுணங்கும், தொண்டைத் தையல் விட்டு எச்சில் கழுத்து வழியாகக் கசியலாம், இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் சிக்கல் அதுதான் என்றாள். ரத்தமும் புரதமும் குறைந்த உடம்பென்றால் பயம் இன்னும் கூடுதல். கழுத்தில் படும் கதிர்வீச்சு தைராய்டையும் மந்தமாக்குமாம்; குளிர்வதும் புண் ஆறச் சுணங்குவதும் அதனாலும் வருமாம். அதைப் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்தாள். பார்த்திருக்கவில்லை. சோதித்தால் குறைவுதான். மாத்திரை தொடங்கினார்கள்.

அப்படியும் எட்டாம் நாள் கசிந்தது. தலையணை உறை ஈரமாக இருந்தது. என்னவென்று எனக்குத் தெரிந்திருந்ததால் உடனே நர்ஸைக் கூப்பிட்டேன். ஐந்து வாரம் மூக்குக் குழாயில் சாப்பாடு, தினமும் கட்டு. மறுபடி தைக்காமலே மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்த அப்புறம், அப்பா இனி மூச்சு விடும் கழுத்துத் துளைமேல் வைக்கக் காஸ் துணியும் கத்தரியும் கேட்டேன். காஸைத் தந்தாள், கத்தரியைத் திரும்ப வைத்துவிட்டாள். ஒரு துண்டை வெட்டி, ஓரத்தில் பிரிந்த நூலை விரல் நுனியில் எடுத்துக் காட்டினாள். மயிர்போல இருந்தது. “மூச்சு இழுக்கும்போது இது நேரா உள்ளே போயிடும் அக்கா. மடிச்சு வைங்க, வெட்டாதீங்க.”

குறை என்றால், துளைக்குப் போடும் வடிகட்டி கடையில் இருக்காது. சொல்லி வைத்தால் ஒரு வாரம் ஆகும். ஞாயிறு கடை இல்லை.

கடைசியாகப் போனபோது ஒரு அட்டை பிளாஸ்டிக் போட்டுத் தந்தாள். கழுத்து வழியாக மூச்சு விடுகிறேன், ஆக்சிஜனை அங்கே வையுங்கள் என்று மலாயிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. காசு வாங்கவில்லை. அப்பா அதை ஐசியோடு (அடையாள அட்டையோடு) சேர்த்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.