ஒயில் முள் விழுந்தால் எது முதலில்: தடித்த ஒயிலா, ஸ்பிறிங்கா, இன்னொரு கேஜா?

சாவகச்சேரி போய்த் திரும்பும்போது நாவற்குழியில் மாடுகள் வீதியைக் கடக்கும்வரை எஞ்சினை நிறுத்தாமல் நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நண்பகல் வெயில், எஞ்சின் நல்ல சூடு, ஒயில் பிறஷர் முள் 5 பி.எஸ்.ஐ.யில் (பிறஷரை அளக்கும் அலகு) படுத்துக் கிடந்தது. அக்சிலேற்றரை மிதித்து நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு ஏற்றினால் 35. என்னுடையது 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்; 1798 சி.சி., ஐந்து மெயின் பெயாரிங் (சுழலும் கிராங் தண்டைத் தாங்கும் ஓடுகள்) உள்ள எஞ்சின். கையேட்டின்படி ஐட்லிங்கில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, 10 முதல் 25 வரையும், ஓட்டத்தில் 50 முதல் 80 வரையும் நிற்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்த எஞ்சின் யாருக்கும் புதிதில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55, ஏ60, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாம் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அதனால் ஆலோசனைக்குக் குறைவிருக்கவில்லை. ஒருவர் தடித்த ஒயில் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் பிறஷர் மிஞ்சினால் திறந்து ஒயிலை வெளியே விடும் றிலீஃப் வால்வின் ஸ்பிறிங்குக்குக் கீழே வாஷர் வைக்கச் சொன்னார். மூன்றாமவர் வயதான மெக்கானிக். "முள்ளை நம்பி எஞ்சினைத் திறக்காதை தம்பி. முள்ளும் வயசு போனதுதான். சூடாக்கிக்கொண்டு வா, வேற கேஜ் பூட்டிப் பாப்பம்" என்றார். நான் அவர் சொன்னதைச் செய்தேன். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால் இப்போதும் அதையேதான் செய்வேன்.

தடித்த ஒயில் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம்முடைய வெக்கைக்கும் இந்த எஞ்சினுக்கும் 20டபிள்யூ-50 சரியான ஒயில். யாராவது தெரியாமல் 10டபிள்யூ-30 ஊற்றியிருந்தால் அதை மாற்றுவது நியாயம். சரியான ஒயில் ஏற்கெனவே இருக்கும்போது அதைவிடத் தடித்ததை ஊற்றினால் முள் ஏறும், தேய்ந்த பெயாரிங் தேய்ந்தபடியே இருக்கும். காலையில் ஸ்ராட் பண்ணும்போது அந்தக் கனத்த ஒயில் பெயாரிங்கைப் போய்ச் சேரவும் நேரமெடுக்கும்.

ஸ்பிறிங் யோசனையில் பாதி உண்மை உண்டு. றிலீஃப் வால்வ் எஞ்சின் பிளொக்கின் இடப்பக்கம், பின்பகுதியில், குமிழ்த் தலை நட்டுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்தே கழற்றலாம். ஆனால் அது திறப்பது 70 பி.எஸ்.ஐ. அளவில். ஐட்லிங்கில் பிறஷர் 5 என்றால் வால்வ் மூடித்தான் இருக்கும். மூடிய கதவை இன்னும் இறுக்கி என்ன பயன்? வால்வுக்கும் அதன் இருப்பிடத்துக்கும் நடுவே துகள் சிக்கி முழுதாக மூடாமல் நின்றால் மட்டும் கதை வேறு. அப்போது எல்லாச் சுற்றிலும் பிறஷர் குறையும். அதனால் நானும் கழற்றிப் பார்த்தேன். வால்வ் கிண்ணம் சுத்தமாக இருந்தது, விளிம்பைச் சுற்றி ஒரே சீரான பளபளப்பு. ஸ்பிறிங் நீளம் கையேடு சொன்ன 3 அங்குலம். வாஷர் எதுவும் வைக்காமல் அப்படியே பூட்டினேன்.

இனி கேஜ். என் காரின் டாஷ்போர்ட் கேஜ் மின்சாரத்தில் வேலை செய்வதில்லை. பிளொக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஒயிலையே கேஜுக்குள் கொண்டுபோகிறது. உள்ளே வளைந்த பித்தளைக் குழல் ஒன்று பிறஷருக்கு ஏற்ப நிமிரும், அந்த அசைவுதான் முள்ளை நகர்த்தும். அரை நூற்றாண்டுக்கு மேல் வளைந்து நிமிர்ந்த குழல் அது. எஞ்சினை நிறுத்திய பிறகு கூர்ந்து பார்த்தபோது முள் பூச்சியக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. அவ்வளவு நாளும் அதை நான் கவனிக்கவேயில்லை.

மெக்கானிக் ஐயா கேஜைத் தொடும் முன்னர் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கை உருவினார். ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட்டாகி மண்ணெண்ணெயில் ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் தட்டான சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்க்க வைக்கும், பிறஷர் விழும். அந்த நாளில் தொழில் பழகிய கைக்கு இந்தப் பழக்கம் போகாது. இன்றைக்கும் எஸ்.யூ. கார்புரேற்றரின் மிதவை ஊசி ஒழுகினால் பெற்றோல் அதே வழியில் இறங்கக்கூடும். "மணக்கேல்லை" என்று துடைத்து வைத்தார்.

இரண்டாவது கேஜைக் குழாய் இருந்த இடத்தில் பூட்ட நிப்பிள் (இணைப்புத் துண்டு) பொருந்தவில்லை. லேத்தில் கடைந்து எடுக்க ஒரு பின்னேரம் போனது. அதற்குமேல் செலவென்று எதுவுமில்லை. பூட்டியபின் கராஜுக்குள் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதில் ஐயா பிடிவாதம். தண்ணீர் சூடாகப் பத்து நிமிடம் போதும், ஒயில் சூடாக வண்டி ஓடவேண்டும். கைதடி வரை ஓடிப்போய் வந்தோம். ஐட்லிங்கில் 9, 3000 சுற்றில் 42.

அதாவது டாஷ்போர்ட் முள் குறைத்துத்தான் காட்டியது. ஆனால் எஞ்சினிலும் நோய் இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 60க்கு மேல் நின்ற பிறஷர் சூடானதும் இப்படிச் சரிகிறது, வால்வும் சுத்தம் என்றால் ஒயில் எங்கோ பெரிய இடைவெளியால் வழிகிறது. மிஞ்சுவது பம்பும் பெயாரிங்கும்தான்.

நான் உடனே சம்பைக் கழற்றச் சம்மதித்ததற்குக் காரணம் கிராங், பிஸ்ரன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. பிஸ்ரனின் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பெயாரிங் மெல்லிய ஓடு, தேய்வதற்கென்றே மென்மையாகச் செய்தது, மாற்றலாம். அது முழுதாகத் தேய்ந்தபின் கிராங்கின் கழுத்து உரசத் தொடங்கினால் எஞ்சினை இறக்கவேண்டும், கிராங்கைக் கிரைண்ட் பண்ணவேண்டும், கடைந்து சிறுத்த கழுத்துக்கேற்ற அண்டர்சைஸ் பெயாரிங், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்தோ இருபதோ, தேடவேண்டும். நாற்பதோடு கணக்கு முடிகிறது. கிராங்கில் ஒருமுறை கடைந்ததைத் திரும்ப வைக்க முடியாது. தடித்த ஒயிலால் முள்ளை உயர்த்தி இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருந்தால் நான் செலவழித்திருக்கக்கூடியது இந்தக் கிராங்கைத்தான்.

எஞ்சின் மவுண்டின் போல்ட்டுகளைக் கழற்றி எஞ்சினைச் சற்றுத் தூக்கினால்தான் சம்பின் முன் போல்ட்டுகள் கைக்கு எட்டும். மூன்றாம் சிலிண்டரின் பிக் எண்ட் தொப்பியைத் திறந்தபோது கீழ் ஓட்டின் நடுவே மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது, காற்பங்கு அகலத்துக்கு. கிராங் கழுத்தில் நகத்தை ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. மைக்றோமீற்றரும் அதையே சொன்னது. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் உள்ள கடைகளில் ஸ்ராண்டர்ட் அளவு பெயாரிங் கிடைக்கவில்லை; லண்டனிலிருந்து வந்த மச்சான் கைப்பையில் கொண்டுவந்தார். பம்பும் அப்போதே மாற்றினோம். ஆகவே எது எவ்வளவு கூட்டியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மெயின் பெயாரிங்குகளில் நடுவிலுள்ளதை மட்டும் திறந்து பார்த்தோம், முன்னும் பின்னும் தொடவில்லை.

மின்சார கேஜ் உள்ள கார்களில் என் அனுபவம் ஒரு நண்பருடைய யூனோஸ் றோட்ஸ்ரரோடு முடிகிறது. மஸ்டா எம்.எக்ஸ்-5தான் அது. முதலில் வந்தவற்றில் முள் உண்மையான பிறஷரைக் காட்டும். 1990களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவற்றில் முள் வெறும் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டது. சிறிது பிறஷர் வந்தாலே நடுவில் போய் நின்றுவிடும். நண்பருடையது பழைய வகை, பிறஷரை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் சென்டரை மாற்றியதோடு குறை தீர்ந்தது. சுவிட்ச் வகைக் காருக்கு இரண்டாவது கேஜ் இன்னும் அவசியம் என்றே நினைக்கிறேன்.

என்னுடையதில் இப்போது அதே கைதடி ஓட்டத்துக்குப் பிறகு, அதே இரண்டாவது கேஜில், ஐட்லிங்கில் 18, 3000 சுற்றில் 60. டாஷ்போர்ட் முள் 14 காட்டுகிறது. அதை நான் மாற்றவில்லை, பக்கத்தில் ஒரு சிறு தாளில் வித்தியாசத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன்.