எம்5-க்குப் பதில் ஏசி ரேடியோ: காற்றில் வேகம், கேபிளில் வம்பு

"பழைய எம்5 ஜோடி தள்ளாடுது, எதைப் போடலாம்?" மழைக்காலம் முடிந்து தை பிறந்தால் அரிசி ஆலை, இறால் பண்ணை, கேபிள் டிவி ஆபரேட்டர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிற கேள்வி இது. எம்5 என்பது இரண்டு இடத்துக்கு நடுவே இன்டர்நெட்டைக் காற்றில் கடத்தும் பழைய வைஃபை ரேடியோ, ஒரு பக்கத்துக்கு ஒன்று. எத்தனை டிபிஐ (ஆன்டெனாவின் பலம்), எத்தனை எம்பிபிஎஸ் (வேகம்) என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. 16 டிபிஐ நானோஸ்டேஷன் எம்5-ஐ இறக்கிவிட்டு, 23 டிபிஐ தட்டுள்ள லைட்பீம் 5ஏசி ஜென்2, சிபிஇ710 மாதிரியான ஏசி (அடுத்த தலைமுறை வைஃபை) ரேடியோவை ஏற்றினால் டெல்டாவில் அது எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

காற்றில் குறையே சொல்ல முடியாது. 6 கி.மீ. தூரம், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் வெளியில் இழப்பு சுமார் 123 டெசிபல். அனுப்பும் பக்கம் ஆன்டெனாவையும் சேர்த்து மொத்தப் பலம் 36 டிபிஎம் என்று வைத்தால், 16 டிபிஐ ஆன்டெனாவில் -71 வாங்கிய இடத்தில் 23 டிபிஐ தட்டு -64 வாங்கும் (பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது). கதிர் குறுகலாக இருப்பதால் பக்கத்து டவர் இரைச்சலும் குறையும். சேனலை 40 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 80-க்கு ஆசைப்பட்டால் இரைச்சல் 3 டெசிபல் கூடும், அதோடு சுற்றுவட்டார லிங்க் எல்லாம் உங்கள் தலையில் ஏறும்.

எதிர்பாராத சந்தோஷம், லைட்பீமில் தனியாக இருக்கும் நிர்வாக வைஃபை. டவர் அடியில் நின்று போனிலேயே உள்ளே போய் சிக்னல், லேன் (கேபிள்) வேகம் இரண்டையும் பார்த்துவிடலாம். அதை ஆட்டோ அமைப்பில் வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். பவரை எடுத்துப் போட்டால் திரும்ப வரும். 90 அடி ஏறி இறங்குகிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எரிச்சல் முழுக்க லேன் போர்ட்டில் இருக்கிறது.

பழைய எம்5-இல் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். டேட்டா 1, 2, 3, 6 கம்பிகளில் போகும். 24 வோல்ட் பவர் 4, 5-இல் பிளஸ், 7, 8-இல் மைனஸ். ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே இறங்கும்போது முதலில் பச்சை பூப்பது பிளஸ் உள்ள 4, 5 முனைகள்தான். எம்5 அதைக் கண்டுகொள்ளாது. முனை பாதி அரித்தாலும் பவர் ஓரளவு வரும், டேட்டா வேறு கம்பியில் இருப்பதால் தப்பித்துவிடும். "பழசு மாடு மாதிரி உழைச்சுது" என்று எல்லோரும் சொல்வதில் பாதி இந்த வயரிங் செய்த வேலை.

புது ரேடியோ கிகாபிட். நான்கு ஜோடியிலும் டேட்டா போகும், பவரும் அதே கம்பியில் ஏறி வரும். 4, 5 கொஞ்சம் பச்சை பிடித்தால் போதும், ஆட்டம் ஆரம்பம். வேகம் பேசி முடிவு செய்வது 1, 2, 3, 6 வழியாகத்தான். அந்தப் பேச்சில் இரு பக்கமும் கிகாபிட் என்று ஒப்புக்கொண்டு, பிறகு நான்கு ஜோடியையும் சோதிக்கும்போது தோற்று, விழுந்து, மறுபடி எழும். ரேடியோ லிங்க் உயிரோடு இருக்கும், சிக்னல் -64 என்று சிரிக்கும், கடையில் இன்டர்நெட் மட்டும் வந்து வந்து போகும். ரேடியோ போச்சு என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். போனது ஒரு கிரிம்ப், கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பிடித்த இடம்.

தண்ணீர் உள்ளே போகும் வழி போர்ட்டை மூடும் பிளாஸ்டிக் கதவு. ஒரு கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த விலையில் எல்லாம் இப்படித்தான். ஷீல்டு உள்ள தடித்த கேபிளையும் கனெக்டரின் ரப்பர் உறையையும் சேர்த்துப் போட்டால் கதவு முழுதாக மூடாது. மூடுவதற்காக உறையைக் கழற்றுவார்கள், அந்த இடுக்கில் முதலில் எறும்பு, பிறகு மழை. இப்படிச் செய்தால் தாங்குகிறது: முழுச் செம்புள்ள வெளிப்புற கேட்5இ, ஷீல்டு ஆர்ஜே45, கிரிம்ப் செய்ததும் முனைகளில் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு, கேபிள் நுழையும் இடத்தில் தன்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன் மேல் கறுப்பு பிவிசி டேப். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் மடிப்பு ஓட்டுக்கூரை போல நீரை வெளியே தள்ளும். கேபிளை போர்ட்டுக்குக் கீழே ஒரு சாண் வளைவு தொங்கவிட்டுத்தான் பைப்பில் கட்ட வேண்டும். கதவின் அடியில் ஒரு சின்ன இடைவெளியை அடைக்காமல் விடுங்கள், உள்ளே வேர்க்கிற தண்ணீர் வடியட்டும்.

அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு கேபிள் கூடவே கூடாது. 8 வாட் ரேடியோவுக்கு 24 வோல்ட்டில், 30 மீட்டர் நல்ல கேபிளில் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். இறால் பண்ணையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே ஓடும் ரேடியோ போட்டால் அதே கேபிளில் 2 வோல்ட் அளவுக்குப் போகும். மலிவு கேபிளில் 3-ஐத் தாண்டிவிடும். பேட்டரி இறங்கிய விடியற்காலையில் ரேடியோ ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு வம்பு இன்ஜெக்டர், அதாவது லேன் கேபிளில் பவரை ஏற்றும் அடாப்டர். பழைய எம்5-இன் 24 வோல்ட் அடாப்டரிலேயே புது ரேடியோ எரியும், ஆனால் லேன் 100-ஐத் தாண்டாது. பழைய அடாப்டரின் கண்டென்சர் வேறு காய்ந்திருக்கும். பெட்டியோடு வந்த கிகாபிட் இன்ஜெக்டரையே போடுங்கள். 48 வோல்ட் பாசிவ் அடாப்டரைத் தப்பித் தவறியும் செருகிவிடாதீர்கள்.

இடி விஷயத்தில் சமாதானமே கிடையாது. வயல்வெளியில் டவர்தான் உயரம், சித்திரை, வைகாசி கோடை மழையின் இடி ஐப்பசிக்குச் சளைத்ததில்லை. மேலே ரேடியோ பக்கத்தில் ஒன்று, கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்று என்று கிகாபிட் சர்ஜ் புரொடெக்டர் போட்டு, டவர் எர்த்தையும் ஈபி எர்த்தையும் கனமான கம்பியால் இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது உங்கள் சுவிட்ச். டவர் அடியில் பேட்டரி வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு ஃபைபரும் மீடியா கன்வெர்ட்டரும் போட்டால் அந்தத் தொல்லை பெருமளவு விடும்.

வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னை சாய்ந்து திறந்த வெளியில் போட்ட லிங்குகள் பல உண்டு. பிறகு வைத்த கன்றுகள் மாடி உயரத்துக்கு மட்டை விரிக்கத் தொடங்கிவிட்டன. 6 கி.மீ. லிங்கின் நடுவில், பூமி வளைவையும் சேர்த்து, மர உச்சிக்கு மேல் சுமார் 6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரிந்தால் மட்டும் போதாது. மழையில் சிக்னல் 10 டெசிபல் விழுந்தால் அது மழையின் வேலையே இல்லை. கனமழையிலும் இந்தத் தூரத்துக்கு 2, 3 டெசிபல்தான் போகும். நனைந்த மட்டையோ நனைந்த கனெக்டரோதான் காரணம்.

நடவுக்குத் தண்ணீர் கட்டிய பிறகு மட்டும் சிக்னல் சரிந்தால் அது வயல் நீரின் எதிரொளிப்பு. இரு பக்கமும் 90 அடி உயரம் என்றால், ஒரு பக்கத்துத் தட்டை 3 மீட்டர், அதாவது டவரில் ஒரு 10 அடித் துண்டு அளவு, ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் சரிவிலிருந்து உச்சிக்கு வந்துவிடும். காசு செலவில்லை.

தீர்ப்பு? 100 எம்பிபிஎஸ்ஸுக்குள் பிளான் வைத்திருக்கும் கடைக்கும் ஆலைக்கும், இத்தனை புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், லேனை 100 ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் இரு திசையும் போவது) பூட்டிவிடுங்கள். இரண்டு முனையிலும் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் ஆட்டோவில் நின்றால் அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை) இறங்கி வேகம் நாறிவிடும். கிகாபிட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 100-இல் ஓட்டுவது வயிற்றெரிச்சல்தான். ஆனால் கார்த்திகை மழையில் யாரும் டவர் ஏற வேண்டியதில்லை. கேமராவும் பல வீட்டு இணைப்பும் போகும் பெரிய லிங்குக்கு மட்டும் கிகாபிட்டைத் திறந்து விடுங்கள், கிரிம்ப்பை ஆடியிலேயே ஒருமுறை புதிதாகப் போட்டுவிட்டு.

ஒரு பக்கம் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஏர்மேக்ஸ், என்வி2, மேக்ஸ்ட்ரீம் எல்லாம் ஒவ்வொரு கம்பெனியின் தனி ரேடியோ முறை, அவரவர் பாஷை, கலந்தால் ஒட்டாது. ஜோடியாகவும் வாங்க வேண்டாம், மூன்றாக வாங்குங்கள். இரு பக்கத்து கன்ஃபிக் ஃபைலையும் போனில் வைத்துக்கொண்டால் இடி எந்தப் பக்கம் விழுந்தாலும் மூன்றாவது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.