ஹூசியர் அலமாரியா, ஃபிராங்க்பர்ட் சமையலறையா?

வீட்டுக்குள் பெண்ணுக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டது என்பதைச் சமையலறைச் சாமான்கள் சட்டத்தைவிட வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெருகிய ஹூசியர் அலமாரியையும், 1926இல் ஜெர்மனியில் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்பர்ட் சமையலறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். பெண்ணின் வீண் நடையைக் குறைப்பதாகவே இரண்டும் வாக்களித்தன. மிச்சமாகும் நேரம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வியில்தான் இரண்டும் பிரிந்தன.

ஹூசியர் என்பது தனித்து நிற்கும் ஒரே அலமாரி. அடியில் சல்லடை பொருத்திய மாவுக்கலம், சர்க்கரைக் கலம், மசாலாக் குப்பிகள், வேண்டும்போது இழுத்து நீட்டிக்கொள்ளும் வேலைப்பலகை ஆகிய எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருந்தன. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் ஆலைகளையும் கடைகளையும் நாடத் தொடங்கியதால், நடுத்தரக் குடும்பத் தலைவி தானே மாவு பிசைய வேண்டியதாயிற்று. அந்தப் பணியாளின் இடத்தைத்தான் அலமாரி நிரப்ப முனைந்தது. வீட்டு வேலையின் திறன் குறித்து 1912இல் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதிப் புகழ்பெற்ற கிறிஸ்டின் ஃபிரடெரிக், ஹூசியர் அலமாரியைத் தயாரித்த நிறுவனத்துக்காகவும் எழுதினார். 1929இல் அவரே பெண்களிடம் பொருள்களை விற்பது எப்படி என்று வணிகர்களுக்கு ஒரு நூல் எழுதியது தற்செயலன்று. ஹூசியர் அலமாரியின் பார்வையில் பெண் வீட்டின் மேலாளர். கூடவே, தவணையில் பொருள் வாங்கும் நுகர்வோர். வீடு மாறினால் கையோடு எடுத்துச் செல்லலாம் என்ற வசதி அதன் மறுக்க முடியாத பலம். அடுப்பும் கழுவுதொட்டியும் எட்டாத தொலைவில் கிடந்தால், அலமாரி மட்டும் என்ன செய்துவிடும் என்பது அதன் பலவீனம்.

ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஒரு சாமானைச் செய்யவில்லை, அறையையே சாமானாக்கினார். நகரின் கட்டடத் துறைத் தலைவர் எர்ன்ஸ்ட் மேயின் தலைமையில் ஃபிராங்க்பர்ட் நகரம் எழுப்பிய குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியின் சமையற்கூடமே முன்மாதிரி. பெயர் பொறித்த அலுமினியக் கலங்கள், புழு அண்டாத ஓக் மர மாவுப் பெட்டி, மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை, உயரத்தை மாற்றத்தக்க சுழல்நாற்காலி, ஈக்கள் விலகும் என்ற அக்கால நம்பிக்கையில் பூசிய நீலப்பச்சை வண்ணம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதை வீட்டு வேலைக்கு வழங்கிய மரியாதையாகவே நான் கருதுகிறேன். செலவு வாடகையோடு சேர்ந்ததால், தனியே பணம் திரட்ட இயலாத குடும்பங்களுக்கும் அது கிடைத்தது. வாக்குரிமை பெற்று, வெளிவேலைக்கும் செல்லத் தொடங்கிய ஜெர்மானியப் பெண், அடுப்படி வேலையை விரைவில் முடித்துவிட்டு வெளியேற வேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் எண்ணம். (அதை வரைந்த காலத்தில் தமக்குச் சமையல் அனுபவமே இல்லை என்று அவர் பிற்காலத்தில் தயங்காமல் சொன்னார்.)

நோக்கத்தால் ஃபிராங்க்பர்ட் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தக் குறுகிய அறையில் இன்னொருவர் நின்று காய் நறுக்க இடமில்லை. கணவனோ வளர்ந்த பிள்ளையோ உதவ முன்வந்தாலும் அளவே தடுத்துவிடும். வேலைக்குப் போய் வரும் பெண்ணே இரண்டாவது வேலையையும் தனியாகச் செய்வாள் என்று மரத்தில் எழுதி வைத்ததுபோல் ஆயிற்று. 1970களில் பெண்ணியர்கள் இந்தத் தனிமையைத்தான் கடுமையாக விமர்சித்தார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே இருந்த சறுக்குக் கதவின் வழியே குழந்தையைக் கவனிக்கலாம் என்பது உண்மைதான். கவனிக்க வேண்டியவளும் அவளே என்பதை அந்தக் கதவு கேள்வி கேட்கவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் அதிகம் பேசப்படாத மூன்றாவது ஒன்றும் உண்டு. வீட்டு நிர்வாகம் குறித்து எழுதிய ஜெர்மானியர் எர்னா மேயர் பங்களித்த முனிச் சமையலறை, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பை வைத்து, புகையைப் பிரித்தாலும் பார்வையைப் பிரிக்காமல் விட்டது. இன்றைய வீடுகள் ஃபிராங்க்பர்ட்டின் தொடர்மேடையையும் பொருத்திய அலமாரிகளையும் எடுத்துக்கொண்டு, அதன் சுவரை மட்டும் இடித்துவிட்டன. சமைப்பதும் உண்பதும் உட்கார்ந்து பேசுவதும் ஒரே அறையில் நிகழ்வது சுகாதாரக் கேடு என்று 1920களின் திட்டமிடுவோர் ஒதுக்கிய பழைய தொழிலாளர் வீட்டுச் சமையலறையின் அமைப்பு, திறந்த சமையலறை என்ற பெயரில் இன்று கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது.